பஞ்சியன்று, ஏலாமை

பஞ்சி என்ற சொல்லையும் ஏலாது என்ற சொல்லையும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிற் பிறந்த குழந்தை ஏடு தொடங்குமுன்னரே கற்றுக்கொண்டுவிடும். முன்னது, உடம்பில் வலுவிருந்தும் மனம் வராமற் கிடப்பவனைக் கண்டிப்பதற்கு ஏற்பட்டது. பின்னது, மனம் இருந்தும் உடம்பு இடங்கொடாதவன் தன் ஸ்திதியைச் சொல்லிக்கொள்வதற்கு ஏற்பட்டது. பஞ்சிக்காரனுக்கு ஏச்சு, ஏலாதவனுக்குக் கஞ்சி. இந்தப் பாகுபாட்டில் எங்கள் ஊரார் இலேசிலே தவறுகிறவர்களல்லர். காய்ச்சலென்றால் நெற்றியிலே புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். முறிவென்றால் பத்தும் கட்டும் கண்ணுக்குத் தெரியும். அம்மாள் வருத்தமென்றால் வாசலிற் செருகிய வேப்பிலையே சொல்லிவிடும். ஆனால், நெற்றி குளிர்ந்து, கட்டொன்றுமில்லாமல், வேட்டியும் சால்வையுமாகப் படலையடியில் நின்று போவோர் வருவோரோடு சிரித்துக் கதைக்கின்ற ஒருவன், அடுத்த கணத்திலே உள்ளே போய்ப் பாயில் விழுந்து மூன்று நாளைக்கு எழும்பாமற் கிடந்தானென்றால், அவனை எந்தச் சொல்லின் கீழே சேர்ப்பது? கொரோனாவின் பின்வருத்தம் எங்கள் தீவுக்குள் வந்து, தலைமுறை தலைமுறையாகத் தெளிவாயிருந்த இந்த வரம்பின்மேலேயே கொட்டிலைப் போட்டுக்கொண்டது.

2021ஆம் ஆண்டு ஆவணியில், டெல்டா என்று பெயரிடப்பட்ட திரிபு இலங்கை முழுவதையும் உலுக்க, ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு தொடக்கம் ஒக்டோபர் முதலாம் திகதி அதிகாலை வரையிலும் தேசமே ஊரடங்கில் ஒடுங்கிக் கிடந்த நாட்களில், ஊர்காவற்றுறையை அடுத்த சுருவிலிலே, யுத்தம் கலைத்த குடிகளில் ஒரு சிறுபகுதியே திரும்பிவந்து, கூரையிழந்த கல்வீடுகளுக்கும் தலையெடுத்த வடலிகளுக்கும் நடுவில் வாழ்ந்துவருகின்ற ஓர் ஒழுங்கையில், அக்காவும் நானுமாக நோய்ப்பட்டோம். அக்காவுக்கு மூன்று நாட் காய்ச்சலோடு போயிற்று. எனக்கும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை: ஐந்து நாட் காய்ச்சல், கொஞ்சம் இருமல், மணம் தெரியாமை, அவ்வளவே. பிராணவாயு வேண்டியிருக்கவில்லை, வைத்தியசாலைக் கட்டிலைக் காணவுமில்லை. தனிமைப்படுத்தல் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். என் வியாதி அதன் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

முப்பத்திரண்டு வருஷம் தமிழ் படிப்பித்தவன் நான். ஒருநாள் மாலை, சோழகக் காற்று அடித்துச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு அக்காவிடம், “அக்கா, அந்த... கதவிலை போடுறது... உள்ளுக்காலை இழுத்துவிடுகிற சாமான்...” என்று தடுமாறி நின்றேன். தாழ்ப்பாள் என்ற சொல் வரவில்லை. அந்த ளகரத்தைப் பிழையாக எழுதினவர்களுக்கு எத்தனை தரம் குட்டியிருப்பேன்! சொல் நாவின் நுனியில் நிற்பது எல்லாருக்கும் சம்பவிப்பது, இது அதுவன்று. சொல் இருந்த இடமே வெறுமையாயிருந்தது. வெறுமை என்பதுகூடச் சரியல்ல, தடித்த ஈரச்சாக்கு ஒன்றை மூளையின்மேற் போர்த்துவிட்டாற்போல, உள்ளே எல்லாம் இருக்கிறது என்ற நிச்சயமும் ஒன்றையும் எட்ட முடியவில்லை என்ற நிச்சயமும் ஒருங்கே இருந்தன. பத்திரிகையின் முதற்பந்தியை நாலு முறை வாசித்தேன். நாலாம் முறையும் அது புதிதாகவே இருந்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கேத்தில் கருகும்வரை திண்ணையில் இருந்தேன். மணம் தெரியாதவனுக்குக் கருகினாலும் தெரியாது என்பதையும் அன்றைக்கே கற்றேன். இரண்டு பேர் ஒரே நேரத்திற் பேசினால், அது கதையாகக் காதில் விழாமல் இரைச்சலாக விழுந்தது. ஒரு வாளி தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து குசினிக்குக் கொண்டுபோன பின்னர், எதற்காக அதைக் கொண்டுவந்தேன் என்று தெரியாமல் கையில் வாளியோடு நின்ற நேரத்திற்றான், எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஆங்கிலேயர் இதை மூளைப் பனிமூட்டம் என்னும் பொருளில் வழங்குகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் அதை அப்படியே எடுத்து மூளை மூட்டம் என்று எழுதிவருகின்றன. எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனத்தாங்கல். மார்கழி விடியலில் வயல்வெளியின்மேலே சற்று நேரம் தங்கி, ஏழு மணி வெயிலில் ஓடிவிடுகிற மெல்லிய பனியைத் தவிர வேறு மூட்டம் அறியாத நாட்டில், மூட்டம் என்றதும் ‘இப்போது கலைந்துவிடும்’ என்ற எண்ணமே கேட்பவனுக்கு வரும். மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே கற்பித்து, இரண வைத்தியம் முதலாகக் கெமிஸ்தம் ஈறாக நூல்களையும் ஆக்குவித்து, அங்கங்களுக்கும் நோய்களுக்கும் சளைக்காமற் பெயர் தேடிய வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இன்றைக்கு இருந்தாரானால், எங்கள் கிழவிகளிடம் விசாரித்தாவது ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடித்திருப்பார். அக்கா சொன்ன சொல் ‘மந்தாரம்’. மழையும் பெய்யாமல் வெயிலும் எறிக்காமல், காற்றும் நின்றுபோய், நாள் முழுக்க ஒரே மங்கலாய்க் கிடக்கிற வானத்துக்கு நாங்கள் இடுகிற பெயர் அது. “உன்ரை மண்டைக்குள்ளை மந்தாரம் போட்டிருக்குத் தம்பி” என்றார். நான் அதையே வைத்துக்கொண்டேன்.

பெயரைப் பற்றிப் பேசும்போது, வியாதிக்கே பெயர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். நெடுங்கோவிட் என்ற பொருளிலே உலகமெல்லாம் வழங்குகின்ற பெயரை வைத்தவர் வைத்தியரல்லர். இத்தாலியின் லொம்பார்டிப் பிரதேசத்தவரும் தாமே நோயாளியுமாகிய எலீசா பெரேகோ என்ற தொல்லியல் அறிஞர், 2020 மே மாதத்தில் ருவிற்றரிலே அந்தச் சொல்லை முதலில் எழுதினார். இரண்டு கிழமையில் மாறிவிடும் என்று வைத்திய உலகம் சொல்லிக்கொண்டிருக்க, மாறாதவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துத் தங்கள் துன்பத்துக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டது, வைத்திய சரித்திரத்திலே அபூர்வமான சம்பவம். உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபர் 6ஆம் திகதிதான் அதற்கு ஓர் இலட்சணம் வகுத்தது: தொற்றுக்கண்டு சாதாரணமாக மூன்று மாதத்தின் பின்னரும் நிலைத்து, இரண்டு மாதமாவது நீடித்து, வேறொரு வியாதியினால் விளக்க இயலாததாயிருக்கும் அறிகுறிகள். களைப்பு, மூச்சுவாங்கல், புத்தி மந்தம் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. தொற்றுக்கண்ட நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு இது வருகிறதென்று அந்நிறுவனம் இப்போது சொல்கிறது. உலகளாவிய கணக்கை 40 கோடி என்று 2024இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். இலங்கையின் உத்தியோகபூர்வப் பதிவில் 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொற்றாளரும், 16 ஆயிரத்து 800க்கு மேற்பட்ட மரணங்களும் உள. எஞ்சியோர் எல்லாரும் சுகமடைந்தோர். இறவாமலும் சுகமடையாமலும் கிடந்தவனுக்கு அந்த ஏட்டில் நிரலில்லை. நான் சுகமடைந்தவர்களின் நிரலிலேதான் இருக்கிறேன்.

இது மனத்தின் மயக்கம் என்று சொல்வோருக்கு மறுமொழியாக இன்று சில சாட்சியங்கள் உண்டு. ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர், 785 பேருடைய மூளையை இரண்டு தரம் எடுத்த படங்களைக் கொண்டு, இடையிலே தொற்றுக்கண்ட 401 பேரின் படங்களை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டு, மணத்தோடு சம்பந்தப்பட்ட பகுதிகளிலே சாம்பல்நிறப் பொருள் சிறிது கூடுதலாகக் குறைந்திருந்ததை 2022இல் வெளியிட்டனர். பெரும்பாலோர் என்னைப்போல வைத்தியசாலைக்குப் போகாதவர்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியார் ஏறக்குறைய ஓர் இலட்சத்துப் பதின்மூவாயிரம் பேருடைய ஞாபகத்தையும் யுக்தியையும் சோதித்து, அறிகுறி நீங்காதவர்கள் தொற்றே காணாதவர்களிலும் புத்தியளவையில் ஆறு புள்ளி வரை பின்னிற்கிறார்கள் என்று 2024 பெப்ரவரியிற் கூறினர்; அறிகுறி நீங்கியவர்களிடத்தில் அவ்விடைவெளி பாதியாயிற்று என்பது அதே ஆய்வின் ஆறுதலான பாகம். குருதியிலுள்ள வேண்டாதவற்றை மூளைக்குள் விடாமற் காக்கின்ற தடுப்பு, மந்தாரம் பிடித்தவர்களிடத்திற் கசிகின்றதென்று டப்ளின் ஆய்வாளர் கண்டார்கள். எல்லாவற்றினும் என் மனத்திற் பதிந்தது அம்ஸ்ரர்டாம் ஆய்வு: இருபத்தைந்து நோயாளிகளைக் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிக்கவைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத்தசையில் ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, சக்தியைப் பிறப்பிக்கின்ற இழைமணிகளின் வேலை குன்றியிருந்தது, தசையிழைகள் சில பழுதாகியும் இருந்தன. சுகதேகிகளிடத்தில் இவ்வளவு கேடு நேரவில்லை. கொஞ்ச நேர மிதிப்புக்கு இந்தத் தண்டனை! இதை வாசித்த அன்று, ஊரிலே என்னைப் பஞ்சி பிடித்தவன் என்று சொன்ன ஒருவரையும் நான் மனத்தால் வைவதை விட்டேன்; தசையைக் கீறிப் பார்த்தாலன்றித் தெரியாததை அவர்கள் வேலிப்பொட்டுக்கு அப்பால் நின்று எப்படி அறிவார்கள்?

இனிக் கிணற்றுக்கு வருகிறேன், சொல்லவந்ததே அதைத்தான்.

எங்கள் வளவுக் கிணறு ஆழமில்லாதது. பொழிகல்லைக் குடைந்து கட்டியது. துலா போய்க் கப்பி வந்து நாற்பது வருஷம். குடிநீருக்கு வேலணைச் சாட்டியின் மணல்மேட்டுக் கிணறுகளிலிருந்து பவுசரில் வருகிற தண்ணீர்தான். குளிக்கவும் தோய்க்கவும் மரங்களுக்கு விடவும் வளவுத் தண்ணீர். கார்த்திகை மார்கழி மழைக்குப் பின் இரண்டொரு மாதம் அதை வாயிலும் வைக்கலாம். அந்த வருஷக் கார்த்திகையில், உடம்பு சற்றுச் சுகமென்று தோன்றிய ஒரு காலை, இத்தனை நாட் கிடந்ததற்கு ஈடுசெய்கிறவன்போலப் பத்து வாளி இழுத்து, வாழைக்குப் பாத்திகட்டித் தண்ணீர் விட்டு, குளித்து, நல்லாய்ச் சாப்பிட்டு, பின்னேரம் ஐயனார் கோயிலடி வரைக்கும் நடந்தும் வந்தேன். அன்றிரவு ஒன்றுமில்லை. மறுநாட் காலையும் ஒன்றுமில்லை. மறுநாள் மாலை, யாரோ கால்களிலிருந்து தொடங்கி உயிரை உருவிக்கொண்டு போவதுபோல ஓர் அசதி மேலேறிற்று, தொண்டை நொந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்திற்று, கேட்ட கேள்விக்கு விடையாக ஆம் இல்லை என்று சொல்வதுகூடச் சுமை தூக்குவதாயிற்று. ஐந்து நாள் அப்படிக் கிடந்தேன். ஆறாம் நாள் அக்கா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“நீ அண்டைக்குப் பத்து வாளி இழுத்தனி. கிணறெண்டாலும் ஊறவிட்டெல்லோ அள்ளுறது? விடாமல் அள்ளினால் உப்பெல்லோ வரும்.”

தீவாருக்கு இது உபமானமே அன்று, அன்றாட விவகாரம். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கடலிலிருந்து உள்ளே கசிந்திருக்கும் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து கிடக்கிறது. அந்த வில்லைதான் எங்கள் நன்னீர் முழுவதும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் சாஸ்திரிகளின் கணக்கு. அதை மறுபக்கமாகத் திருப்பினால் திகில் விளங்கும்: அவசரப்பட்டு இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தவன், கீழே உவரை நாற்பதடி உயர வரும்படி அழைத்தவனாகிறான். அது அப்போதே வருவதுமில்லை. இறைக்கிற அன்றைக்குத் தண்ணீர் தித்திப்பாகவே இருக்கும். பிறகுதான் வாயிற் கரிக்கும். கரித்துவிட்டால், இறைப்பை நிறுத்தியவுடன் மாறாது. அடுத்த மாரி வரவேண்டும். முயற்சிக்கும் தண்டனைக்கும் இடையே ஒன்றிரண்டு நாள் அவகாசத்தை விட்டு நோயாளியை ஏமாற்றுகிற இந்த வியாதியின் விசேஷ குணத்தை, வைத்திய நூல்கள் பிரயாசைக்குப் பிந்திய நலிவு என்று நீட்டி எழுதுகின்றன. பன்னிரண்டு மணி தொடக்கம் நாற்பத்தெட்டு மணி வரை தாமதித்தும் அது வரலாம் என்பது அவற்றின் குறிப்பு. உடம்புழைப்பு மாத்திரமன்று, கடிதம் ஒன்று எழுதுவதும், வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு நீண்ட தொலைபேசிச் சம்பாஷணையும், ஒரு சண்டையும், ஒரு சந்தோஷமுங்கூட அதே கிணற்றிலேதான் அள்ளுகின்றன. கனடாவிலிருந்து பிள்ளைகள் கூடிப் பேசுகிற ஞாயிற்றுக்கிழமைகளின் பின் திங்கள் செவ்வாய்களை நான் இழந்துகொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

லூப்பஸ் நோயாளியாகிய கிறிஸ்ரீன் மிசெராண்டினோ என்ற அமெரிக்கப் பெண்மணி, போசனசாலை மேசையிலிருந்த கரண்டிகளை அள்ளித் தோழியின் கையிற் கொடுத்து, ‘ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கரண்டி போகும், முடிந்தால் முடிந்ததுதான்’ என்று விளக்கிய கட்டுரை 2003இல் வெளிவந்தது, நீடித்த நோயாளர் பலர் தங்களைக் கரண்டிக்காரர் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். நல்ல உவமைதான்; ஆயினும் கரண்டி ஊறுவதுமில்லை, உவர்ப்பதுமில்லை. எனக்கு வாளியே போதும். அன்று தொடக்கம் ஒரு கொப்பியில் வாளிக் கணக்கு எழுதத் தொடங்கினேன். குளிப்பு ஒரு வாளி. சந்தைக்குப் போய்வருதல் மூன்று. பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பட்டினம் போய் மீளுதல் ஏழு, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் வெறுமை. அரை மணிநேர வாசிப்பு ஒன்று. மனத்துக்குப் பிடிக்காத ஒருவரோடு அரை மணிநேரம் இருத்தல் மூன்று. ஒரு நாளைக்கு என் ஊற்று நாலு வாளிதான் என்று இரண்டு மாதக் கணக்கிலிருந்து கண்டபின், ஐந்தாவது வாளியை இழுக்க வல்லமையிருப்பதாகத் தோன்றிய நாட்களிலுங்கூட நாலோடு நிறுத்தினேன். நல்ல நாளில் நிறுத்துவதுதான் இந்த வைத்தியத்தின் கடினமான பாகம். கெட்ட நாளில் நிறுத்துவதற்கு யாருக்கும் வைராக்கியம் வேண்டியதில்லை.

தேகாப்பியாசம் செய்தால் எல்லாம் சரியாய்ப்போம் என்று சொல்லாதவர் இல்லை. இதிலே சரித்திரம் ஒன்றிருக்கிறது. 1955இல் லண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலையில் 292 ஊழியர் இனந்தெரியாத ஒரு தொற்றினாற் படுத்தார்கள். அவர்களிற் சிலர் நெடுங்காலம் எழும்பவில்லை. பதினைந்து வருஷங்கழித்து, மனோவைத்தியர் இருவர் பழைய நோய்க்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் பெண்களாயிருந்ததையும் ஒரு நியாயமாகக் காட்டி, அது கூட்டமாய் வந்த இசிவு மனோவியாதியென்று எழுதிவைத்தார்கள். லண்டனிலும் பஞ்சி என்றே சொல்லியிருக்கிறார்கள்; ஆங்கிலத்திற் சொன்னார்கள், அவ்வளவே. அந்த அபிப்பிராயத்தின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. பிரித்தானியாவில் வைத்திய வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், நீடித்த களைப்பு நோயாளருக்கு உடற்பயிற்சியை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போகும் சிகிச்சையை 2007இல் விதித்தது. பலர் அதனாலே நலிந்தோம் என்று முறையிட்டு முறையிட்டு, 2021 ஒக்டோபர் 29ஆம் திகதி வெளிவந்த புதிய வழிகாட்டி அவ்விதியை நீக்கிற்று. நெடுங்கோவிட் நோயாளர் எல்லாருக்கும் இந்தப் பிந்திய நலிவு இருப்பதில்லை. இல்லாதவர்களுக்கு மெல்லமெல்ல நடந்து பழகுவது நன்மை செய்யும். இருக்கின்றதா இல்லையா என்பதை முதலில் அறிந்துகொள்ளாமல் இறைப்பைத் தொடங்கக்கூடாது.

எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் ஒரு கடற்றொழிலாளி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. கோயிற் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்கண்டு, அந்த இரு கோடுகளும் வெட்டுகிற இடத்திலே வலை வைத்துப் பழகிய மனிதர். கடலுக்குள்ளே அவருக்கு வீட்டு இலக்கம்போல ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. நோய் கண்டு நாலாம் மாதம், நடுக்களப்பில், எந்தப் பனை என்ற ஞாபகம் அற்றுப்போய், இருட்டும்வரை வள்ளத்தில் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அதை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தார். என் தாழ்ப்பாட் கதையை நான் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். “மாஸ்ரர், எனக்கு மறதி வந்திட்டுதெண்டால் ஆர் என்னோடை தொழிலுக்கு வருவாங்கள்?” என்றார். அவருடைய பயம் அதுதான். பிறகு 2022 வந்தது. மார்ச் முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வெயிலில் நாட்கணக்காக வரிசை. கிடையாத நாளில் வள்ளத்தைக் கம்பினால் தாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆகஸ்ட் மாதத்திலே 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. ஓய்வெடுங்கள், திட்டமிடுங்கள், முக்கியமானதை முதலிற் செய்யுங்கள் என்று மேல்நாட்டுப் பிரசுரங்கள் சொல்லுகின்ற புத்திமதி, நாட்கூலிக்காரன் வாசலிலே எவ்வளவு அற்பமாகிப் போகிறதென்பதை நான் அவர் மூலமாகவே அறிந்தேன். ஓய்வூதியக்காரனாகிய எனக்கு நாலு வாளியோடு நிறுத்த ஒரு சௌகரியம் இருந்தது, அவருக்கு இருக்கவில்லை. அவர் செய்தது வேறு: வலைகளைப் பாதியாக்கினார், நின்று செய்கிற வேலைகளை இருந்து செய்தார், மூத்த மகனைக் கூட்டிக்கொண்டுபோய், அடையாளங்களை வாய்விட்டுச் சொல்லி அவனைக் கொண்டு எழுதுவித்தார். அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். பிழை மலிந்த எழுத்து. திருத்தவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னோரிடத்தில் நோய்க்கும் சுகத்துக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு காலம் இருந்தது; அதற்குப் பெயர் பத்தியம். நெருப்புக்காய்ச்சல் விட்டவனை உடனே தோட்டத்துக்கு அனுப்பமாட்டார்கள். பிள்ளை பெற்றவளை முப்பத்தொரு நாள் அடுப்படிக்கு விடமாட்டார்கள். சரக்கரைத்த கறியும் முருங்கையிலையும் சின்ன மீனுமாக, அவரவருக்கு அளந்து கொடுப்பார்கள். 2006இன் இறுதியிலே சிக்குன்குன்யா யாழ்ப்பாணத்தை வளைத்தபோது, காய்ச்சல் போயும் மூட்டுப்பிடிப்பு மாதக்கணக்காக நின்றவர்களை இந்த ஊர் ஏலாதவர்களாகவே ஏற்றுக்கொண்டது. நொண்டுவது கண்ணுக்குத் தெரிந்தது அல்லவா! பத்தியத்திலே நான் மெச்சுவது அந்தக் கறியை அன்று, அந்த அவகாசத்தையே. கறியினாலோ குடிநீரினாலோ வேதுபிடிப்பதனாலோ இந்த வியாதி மாறும் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. கொரோனாக் காலத்திலே கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை நாடே கண்டது. இன்றுவரை இதைத் தீர்க்கின்ற மருந்தென்று நிலைநாட்டப்பட்டது ஒன்றுமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குப்பியில் அடைத்து விற்பவன் எவனாயினும் அவனை நம்பவேண்டாம்.

அதனால் வைத்தியரிடம் போவது வீண் என்பதல்ல. முதலிற் போன ஓரிடத்தில், என் நாடியைத் தொடாமலே, ‘ஐயாவுக்கு வயது, வீட்டிலே இருந்து யோசிக்கிறீர்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள், அந்த வார்த்தை எனக்கு மூன்று வாளி. இரண்டாவது வைத்தியர் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டார்: எழுந்து நின்றால் தலை சுற்றுமா, நெஞ்சு படபடக்குமா, நித்திரை முறியுமா, குறட்டை உண்டா, எத்தனை மணிநேரத்துக்குப் பிறகு நலிவு வருகிறது? குருதிச்சோகை, தைரொயிட் குறைவு, சீனி, உயிர்ச்சத்து பி 12 குறைவு என இதே வேடத்தில் வருகிற வேறு நோய்களை ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கினார். எனக்குச் சோகை இருந்தது. அதற்கு மருந்து தந்தார். நாலு வாளி ஐந்தாயிற்று. நெஞ்சுநோ, திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் விறைத்தல், பேச்சுக் குழறல் என்பவற்றை மந்தாரத்தின் தலையிலே போட்டுவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது, உடனே வைத்தியசாலைக்கு வந்துவிடவேண்டும் என்றும் எச்சரித்தார். அவர் எனக்குச் சொன்னவற்றில் மருந்திலும் பயன்பட்டது, ‘இது உங்கள் குற்றமன்று’ என்ற நாலு சொற்களின் மெல்லிய தொனிதான். குணமாகிறேன் என்று பொய்சொல்லும் வேலை அன்றோடு எனக்கு ஒழிந்தது, அதற்கே தினமும் ஒரு வாளி போய்க்கொண்டிருந்தது.

மந்தாரத்துக்கு நான் பழகிக்கொண்ட உபாயங்கள் அற்பமானவை. சாவிக்கு ஓர் ஆணி, கண்ணாடிக்கு ஒரு மாடம், மருந்துக்கு ஒரு பேணி; அவை இடம் மாறுவதேயில்லை. அடுப்பை மூட்டினால் அடுப்படியைவிட்டு நகர்வதில்லை. காலை ஒன்பது தொடக்கம் பத்து வரை புத்தி வெளிக்கும் என்று கணக்கிலே கண்டதால், எழுத்தும் கணக்கும் அந்த ஒரு மணிநேரத்துக்கே. சொல் வராவிட்டால் துரத்துவதில்லை. சும்மா விட்டால் அரைநாள் கழித்துத் தானாகவே வந்து படலையைத் தட்டும். இரவு இரண்டு மணிக்கு ‘தாழ்ப்பாள்’ வந்ததை அக்காவை எழுப்பிச் சொன்னேன், அவர் ஏசினார்.

மூன்று மாரி கழிந்துவிட்டது. மணம் முக்காற்பங்கு திரும்பியிருக்கிறது; ஆனால் வெங்காயம் தாளிக்கும்போது மட்டும் இன்னும் ரப்பர் எரிகிற மணமே வருகிறது. ஏழு வாளிக்கு வந்திருக்கிறேன். பத்து இழுத்த அந்தக் காலையின் ஆசை இன்னும் போகவில்லை. கடற்றொழிலாளி மகனோடு முழு வலையும் வைக்கிறார். பட்டினத்துக்குப் போனால் மட்டும் மறுநாள் கரையிலே இருக்கிறார். இக்கட்டுரையை ஒன்பது நாளாக, நாளுக்கு ஒரு மணிநேரமாக எழுதினேன். இடையில் இரண்டு நாள் எழுதவில்லை. இன்றைக்குப் பத்து மணியாகிறது. கிணற்றடியில் அக்கா கப்பியிற் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, முதலில் இழுத்த தண்ணீரில் ஒரு கையள்ளி வாயிலே விட்டுப் பார்த்துத் துப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் கிடக்கு. எத்தினை வாளி தம்பி?”

“மூண்டு போதும் அக்கா. வாழைக்கு நாளைக்கு விடுவம்.”